பழைய ரேஸ் காரின் அசல் நிறத்தைத் தேடி எடுப்பது எப்படி

பெங்களூரு ஜே.சி. ரோட்டுப் பெயின்ட் கடைகளில் "பிரிட்டிஷ் ரேஸிங் பச்சை" என்று கேட்டால் ஏதோ ஒரு பச்சையைக் கலந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பெயரில் ஒரே ஒரு நிறம் என்றைக்குமே இருந்ததில்லை. 1950களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அணியான பி.ஆர்.எம். வெளிர் பச்சையில் ஓடியது. பின்னால் வந்த இன்னொரு பிரிட்டிஷ் அணியான லோட்டஸ் அடர் பச்சையில், மஞ்சள் கோட்டோடு ஓடியது. அதனால் நிறத்தைப் பெயரை வைத்து வாங்காதீர்கள். காரிலிருந்தே எடுங்கள்.

முதலில் அந்தக் காரைப் பந்தயத்தில் இறக்கியது யார் என்று பாருங்கள். 1968க்கு முன்பு கிராண்ட் பிரி கார்களின் நிறம் அணியின் நாட்டைப் பொறுத்தது, கார் எங்கே தயாரானது என்பதைப் பொறுத்ததல்ல. இங்கிலாந்தில் செய்த ஈ.ஆர்.ஏ. கார் சயாம் (இன்றைய தாய்லாந்து) இளவரசர் பீராவிடம் போனபோது வெளிர் நீலமும் மஞ்சளுமாக மாறியது இதனால்தான். ராப் வாக்கர் அணியின் கார்கள் அடர் நீலம், மூக்கில் வெள்ளைப் பட்டை. 1968இல் விளம்பரத்துக்கு அனுமதி கிடைத்ததும் லோட்டஸ் சிகரெட் கம்பெனியின் சிவப்பு, வெள்ளை, தங்க நிறத்துக்குப் போனது. சென்னை அருகே சோழவரம் பந்தயங்களில் ஓடிய நம் கார்களில் இப்படி எந்த விதியையும் நம்ப முடியாது. கை மாறும்போதெல்லாம் நிறமும் மாறியிருக்கும். ஐந்தாறு அடுக்கு இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒரு பொறி இருக்கிறது. பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்புக் கார் அதில் கறுப்பாக விழும், வெளிர் நீலம் கிட்டத்தட்ட வெள்ளையாகவே விழும். படத்திலிருந்து பட்டை எங்கே, பந்தய எண் எழுதிய வட்டம் எவ்வளவு பெரிது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி சுரண்டல். டேஷ்போர்டின் பின்பக்கம், பெட்ரோல் மூடியின் வளையத்துக்கு அடியில், கண்ணாடி பிராக்கெட்டுக்கு அடியில், கீலின் உள்பக்கம் என்று வெயில் படாத நான்கு இடமாவது தேர்ந்தெடுங்கள். மூக்குப் பகுதியைச் சாட்சிக்கு எடுக்காதீர்கள். ரேஸில் முதலில் அடிபட்டு மாற்றப்படுவது அதுதான். 600 நம்பர் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரூபாய் நாணயம் அளவில் வட்டமாகத் தேயுங்கள். நடுவில் தகடு தெரிந்ததும் 1000, 1500, 2000 என்று இன்னும் நைசான தாள்களால் ஓரங்களை விரித்துக்கொண்டே போய், கடைசியில் காம்பவுண்ட் (பாலிஷ் பசை) போட்டுத் துடையுங்கள். நறுக்கிய வெங்காயம் போல வளையம் வளையமாக நிறங்கள் வரும். அடியில் உள்ள பிரைமரை ஒட்டியிருப்பது முதல் நிறம். இடையில் சர்பேசரோ (மேடுபள்ளத்தைச் சமமாக்கும் பூச்சு) பள்ளம் நிரப்பும் பட்டியோ வந்தால், அந்த இடத்தில் யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான்கு இடத்திலும் வரிசை ஒத்துப்போனால்தான் நம்பலாம்.

உலர்ந்த பேப்பரால் தேய்க்கவே கூடாது. அந்தக் கால மஞ்சள், ஆரஞ்சு, பச்சையில் ஈயக் குரோமேட் இருக்கும். தூள் நுரையீரலுக்குப் போகும். மாஸ்க் போட்டு, ஈரத்தோடு தேய்த்து, கழிவை ஒரு டப்பாவில் பிடித்து வையுங்கள்.

என்ன வகைப் பெயின்ட் என்று அறிய, பஞ்சில் தின்னர் தொட்டு ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். கரைந்து பஞ்சில் ஒட்டினால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். சுருங்கி எழும்பினால் எனாமல். அசையாவிட்டால் பெரும்பாலும் பின்னாளில் அடித்த 2கே, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயின்ட். இன்னொன்று: இருட்டிலேயே கிடந்த வெள்ளை எனாமல் மஞ்சளடித்துப்போகும். அதை கிரீம் நிறம் என்று முடிவு கட்டாமல், சில நாள் வெயிலில் வைத்துவிட்டுப் பாருங்கள்.

நிறம் அளக்கும் மீட்டரைப் பாலிஷ் செய்த சமதளத்தில் மூன்று முறை வைத்துச் சராசரி எடுக்கப் பெயின்ட் கடைக்காரரிடம் சொல்லுங்கள். மீட்டர் தருவது தொடக்கம்தான். கலந்ததை அட்டையில் அடித்து, காயவிட்டு, காரின் வளையத்தோடு வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள்: ஒரு முறை வெயிலில், ஒரு முறை மேகமூட்டத்தில். கடையின் டியூப்லைட்டில் ஒத்துப்போன நிறம் தெருவுக்கு வந்ததும் பிரிந்து தெரிவது வழக்கம், ஏனென்றால் இன்றைய நிறமிகள் வேறு. மேலே கிளியர் கோட் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) வேண்டாம். அன்றைய ஒற்றை நிறங்கள் கிளியர் இல்லாமல் அடிக்கப்பட்டவை. அதைப் போட்டால் கண்ணாடி போல ஒரு ஆழம் வந்து கார் பொய்யாகத் தெரியும்.

என்.சி. லாக்கர் அடிப்பதென்றால் மழை நாளைத் தவிர்த்துவிடுங்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் பெயின்டில் இறங்கி வெள்ளை பூத்துவிடும். ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூரில் இந்தத் தொல்லை அதிகம். அவசரமென்றால் தின்னரில் கொஞ்சம் ரிடார்டர் சேர்க்கலாம், காய நேரமாகும். 2கே அடிப்பவர் காற்று ஊட்டும் மாஸ்க் இல்லாமல் ஸ்ப்ரே கன்னைத் தொடக்கூடாது. ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் நிரந்தர ஆஸ்துமா கொடுக்கும்.

எண் வட்டத்தை ஸ்டிக்கராக ஒட்டாமல் பிரஷ்ஷால் எழுதச் சொல்லுங்கள். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் கையால் போர்டு எழுதுபவர்களை விசாரித்துப் பாருங்கள். டேஷ்போர்டின் பின்னால் தேய்த்த ஒரு வளையத்தை மட்டும் மூடாமல் விட்டு, பக்கத்திலேயே கலவை அளவெழுதிய அட்டையைக் கட்டிவிடுங்கள். புது லாக்கர் மேல் ஒரு மாதத்துக்கு வாக்ஸ் போட வேண்டாம், உள்ளே தங்கிய தின்னர் வெளியேற வழி வேண்டும்.