மூன்று பாட்காஸ்டுகளைச் சேர்த்து ஒரு குட்டி நெட்வொர்க்: நான் சொதப்பிய இடம் உட்பட

என் பேருந்துப் பயண நிகழ்ச்சி, மதுரை நண்பரின் சமையல் நிகழ்ச்சி, அக்கா மகள் நடத்தும் அறிவியல் நிகழ்ச்சி என மூன்றும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. போன வருடம் மூன்றையும் ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தோம். எப்படி என்று கேட்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி விரல் வலிக்கிறது, அதனால் இந்தப் பதிவு. மைக், ரெக்கார்டிங், எடிட்டிங் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் ஒரு பக்க ஒப்பந்தம்

லோகோ போடுவதற்கு முன் இதை எழுதிவிடுங்கள். 2014-ல் பி.ஆர்.எக்ஸ். என்ற பொது வானொலி அமைப்பும் பாட்காஸ்டர் ரோமன் மார்ஸும் அமெரிக்காவில் ரேடியோடோப்பியா என்ற பாட்காஸ்ட் நெட்வொர்க்கைத் தொடங்கியபோது, நிகழ்ச்சிகள் அவற்றை நடத்துபவர்களுக்கே சொந்தமாக இருந்தன. நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். நிகழ்ச்சி நடத்துபவருக்கே சொந்தம். விலகினால் ஃபீடை (எபிசோடுகளின் பட்டியல், ஆப்கள் இதைப் பார்த்துத்தான் எபிசோடுகளை எடுக்கும்) கையோடு எடுத்துப் போகலாம். ஹோஸ்டிங் (ஆடியோவையும் ஃபீடையும் இணையத்தில் வைத்திருக்கும் சேவை) செலவு ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. நண்பர்கள், உறவினர்கள்தானே என்று வாய்ப்பேச்சோடு விடாதீர்கள்.

2. ஒரே ஹோஸ்டிங் கணக்கு

நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் இடத்துக்குப் போனால் நான்காவது நிகழ்ச்சி சேரும்போது கையைக் கடிக்கும். டிரான்சிஸ்டர் என்ற ஹோஸ்டிங் சேவையில் ஒரே கணக்கில் எத்தனை நிகழ்ச்சி வேண்டுமானாலும் வைக்கலாம், டவுன்லோட் எண்ணிக்கைக்குத்தான் காசு. எனக்கு அது சரிப்பட்டது. நெட்வொர்க் நடத்த இலவச ஹோஸ்டிங் வேண்டாம் என்பது என் கட்சி.

3. ஃபீடை மாற்றுவது (இங்கே நிதானம்)

புதிய இடத்தில் பழைய ஃபீட் முகவரியைக் கொடுத்து இம்போர்ட் செய்யுங்கள். எல்லா எபிசோடும் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 ரீடைரக்ட் (வருபவர்களை நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) போடுங்கள். 302 அல்ல, அது தற்காலிகம் என்று பொருள். புதிய ஃபீடில், புதிய முகவரி இதுதான் என்று ஆப்களுக்குச் சொல்லும் நியூ-ஃபீட்-யூ.ஆர்.எல். டேகும் இருக்கட்டும். இவை எவ்வளவு நாள் இருக்க வேண்டும்? ஆப்பிள் பாட்காஸ்ட் கேட்பது குறைந்தது நான்கு வாரம். நான் பழைய ரீடைரக்டை இன்னும் எடுக்கவில்லை.

இனி என் சொதப்பல். ஃபீடில் ஒவ்வொரு எபிசோடுக்கும் ஜி.யூ.ஐ.டி. என்று ஓர் அடையாளம் உண்டு. தலைப்பை மாற்றலாம், ஆடியோ ஃபைலை மாற்றலாம், பாட்காஸ்ட் ஆப் கண்டுகொள்ளாது. இதை மட்டும் தொடக்கூடாது, ஏனென்றால் 'இந்த எபிசோடை ஏற்கெனவே பார்த்தாயிற்று' என்பதை ஆப் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. என் பழைய ஃபீட் வேர்ட்பிரஸில் இருந்தது. அங்கே ஜி.யூ.ஐ.டி. பார்ப்பதற்கு இணைய முகவரி மாதிரியே இருக்கும்: பழைய டொமைன், கேள்விக்குறி, பி, சமக்குறி, 412. 'அடடா, பழைய டொமைன் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறதே' என்று இம்போர்ட்டுக்கு முன் எல்லாவற்றையும் புதிய டொமைனுக்கு மாற்றி 'சுத்தம்' செய்தேன். மறுநாள் காலையில் ஒருவர் அனுப்பிய செய்தி: "சார், மூணு வருஷம் முன்னாடி போட்ட திருநெல்வேலி எபிசோடை இன்னைக்குப் புதுசுன்னு காட்டுது, போன்ல இடமே இல்ல." அவருடைய ஆப் 84 எபிசோடையும் மறுபடி இறக்கிவிட்டிருந்தது. மாலையே பழையபடி திருப்பி வைத்தேன். அதற்குள் புதியதை எடுத்துக்கொண்ட ஆப்களில் இரண்டாம் தடவையும் அதே கூத்து.

ஆகவே ரீடைரக்டுக்கு முன், பழைய ஃபீடையும் புதிய ஃபீடையும் பிரவுசரில் பக்கத்துப் பக்கத்தில் திறந்து, முதல் எபிசோடு, நடுவில் ஒன்று, கடைசி எபிசோடு மூன்றின் ஜி.யூ.ஐ.டி.யையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். செத்துப்போன டொமைன் அதில் இருந்தாலும் பரவாயில்லை, அது வெறும் அடையாளம்தான்.

இன்னொன்று: ஃபீடில் இருக்கும் மின்னஞ்சல் உயிரோடு இருக்க வேண்டும். ஸ்பாட்டிஃபை சரிபார்ப்புக் குறியீட்டை அங்கேதான் அனுப்பும்.

4. சத்த அளவு

சமையல் நிகழ்ச்சியைக் கேட்டு முடித்தவர் என் நிகழ்ச்சிக்கு வந்தால் ஹெட்போனைப் பிடுங்கி எறிவார், அவ்வளவு கத்தல். ஆப்பிள் பரிந்துரைப்பது மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு). மூவரும் அதையே வைத்தோம். ஆடாசிட்டி என்ற எடிட்டிங் மென்பொருளில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' எஃபெக்ட் போதும். மோனோ ஃபைல் (ஒரே சேனல்) என்றால் அங்கேயே இருக்கும் டூயல்-மோனோ கட்டத்தை டிக் செய்யுங்கள். வேலை செய்யச் சோம்பலா? சத்தத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆஃபோனிக் இணையச் சேவையில் மாதம் இரண்டு மணி நேரம் இலவசம்.

5. நேயர்களைப் பங்குபோடுவது

வளர்ச்சி என்றால் எங்களுக்கு இதுதான். பொதுவான இன்ஸ்டா பக்கம் தொடங்கி மூன்று மாதம் போஸ்டர் போட்டோம், ஒன்றும் நகரவில்லை. பலன் கொடுத்தது, ஒருவர் ஃபீடில் மற்றவரின் முழு எபிசோடைப் போடுவது. அப்படியே தூக்கிப் போடாதீர்கள். சமையல் ஃபீடில் என் எபிசோடு வந்தபோது நண்பரே இரண்டு நிமிடம் பேசினார்: "இவரோட போடி பஸ்ல நானும் போனேன், வாந்திதான் மிச்சம்." அதைக் கேட்டுத்தான் ஆட்கள் வந்தார்கள். மற்றவர் நிகழ்ச்சிக்குக் குட்டி விளம்பரம் என்றால் எபிசோடின் முன்பாதியில் வையுங்கள். கடைசியில் வைத்தால் யார் கேட்கிறார்கள்?

6. எண்ணிக்கை

மூன்றையும் ஒரே அளவுகோலில் பாருங்கள். ஐ.ஏ.பி. என்ற இணைய விளம்பரத் துறை அமைப்பின் விதிப்படி ஒரு நிமிட ஆடியோவாவது இறங்கினால்தான் ஒரு டவுன்லோட். 2023 செப்டம்பருக்குப் பிறகு பழைய வரைபடத்தில் சரிவு தெரிந்தால் பதறாதீர்கள். ஐபோனுக்கான ஐ.ஓ.எஸ். 17 வந்தபோது ஆப்பிள் தானாக இறக்கும் முறையை மாற்றியது, பலருக்கும் எண்ணிக்கை குறைந்தது.

பின்சேர்க்கை: கமெண்டில் இருவர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள், ஆப்பிளில் நிகழ்ச்சி இரண்டாகத் தெரிகிறதாம். ஃபீடை மாற்றிய பிறகு அதைப் புதிய நிகழ்ச்சியாகச் சமர்ப்பித்திருக்கிறார்கள். அது தேவையே இல்லை, ரீடைரக்ட் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு பின்சேர்க்கை: ஒருவரின் அட்டைப்படத்தை ஆப்பிள் ஏற்கவில்லை. அளவு சரி, 3000க்கு 3000. அனுப்பச் சொல்லிப் பார்த்தால், ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் வடிவமைத்தது, அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. நிறத்தில் இருந்தது. திரைக்கான ஆர்.ஜி.பி. நிறத்துக்கு மாற்றி ஜேபெக்காகச் சேமித்ததும் ஏறிவிட்டது.