ரிமோட் விமானக் கிட்: மேசையிலேயே நடந்துவிடும் தவறுகள்

நான் கட்டிய முதல் ரிமோட் விமானம் மொத்தம் நான்கு விநாடி பறந்தது. கோடையில் வற்றிக் கிடந்த ஏரி, காற்றே இல்லாத காலை ஆறரை மணி. த்ராட்டிலை ஏற்றினேன், அழகாக எழும்பியது. இடது இறக்கை கொஞ்சம் தாழ்ந்தது. தூக்கிவிடலாம் என்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினேன். இன்னும் தாழ்ந்தது. இன்னும் தள்ளினேன். அவ்வளவுதான், மூன்று மாத வேலை கருவேல முள்ளுக்குள் சுள்ளிகளாகக் கிடந்தது.

விமானத்தைச் சாய்க்க இறக்கைகளின் பின்விளிம்பில் ஆடும் மடல்கள், அதாவது ஐலெரான், இரண்டும் தலைகீழாக வேலை செய்திருக்கின்றன. முந்தின இரவு மேசையில் வைத்துப் பார்த்தேன்தான். ஸ்டிக்கை அசைத்தேன், ஐலெரான் அசைந்தது, நிம்மதியாகப் படுக்கப் போய்விட்டேன். அசைகிறதா என்று பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சில விமானங்கள் கட்டினேன், பலர் கட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வெட்டத் தெரியாமல், ஒட்டத் தெரியாமல் விமானத்தை இழந்தவர்கள் குறைவு. வெட்டும் வேலையை இப்போது லேசரே செய்து கொடுத்துவிடுகிறது. இரண்டு நிமிடம் பிடிக்கும் ஒரு சோதனையை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்கள்தான் அதிகம்.

முதலில், எந்தக் கிட், அதாவது துண்டுகளாக வாங்கி நாமே ஒட்டிக் கட்டும் பெட்டி. முதல் விமானமே ஸ்பிட்ஃபயர்தான் வேண்டும் என்பவர்களைத் திருத்த முடியாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இறக்கை உடலுக்கு மேலே இருக்கும், இரண்டு பக்கமும் லேசாக மேல்நோக்கி வளைந்த ட்ரெய்னர் வகை போதும். சிக் கேடட் மாதிரி பழைய ட்ரெய்னர் கிட்டுகள் இத்தனை காலம் பேசப்படுவதற்குக் காரணம், அவை மெதுவாகப் பறக்கும். கையை எடுத்தால் தானாகவே நேராக முயலும். போர் விமானம் அழகாக இருக்கும், ஆனால் வேகம் குறைந்தால் இறக்கை நுனி சட்டென்று விழும். கட்டும்போதும் வளைவுகள் உயிரை வாங்கும்.

பெட்டியைப் பிரித்ததும் ஃபெவிக்விக்கைத் தேடாதீர்கள். பிளானை விரித்து, கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை ஒருமுறை படித்துவிட்டு, ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் எண் போடுங்கள். லேசர் வெட்டிய பலகையிலிருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் பிய்த்துக் குவித்துவிட்டால், இறக்கையின் குறுக்குச் சட்டங்களில் மூன்றாவது ரிப்புக்கும் நான்காவது ரிப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் விழிக்க வேண்டியதுதான். ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் பசையில்லாமல் ஒருமுறை கோத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அழுத்தித் திணிக்காமல் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும்.

இந்தக் கட்டத்தில் நடக்கும் ஒரு தவறு ரொம்பப் பிரபலம். உடலின் இரண்டு பக்கப் பலகைகளுக்கும் உள்பக்கம் ஒரு ப்ளைவுட் துண்டை ஒட்டச் சொல்வார்கள். முதல் பலகையில் ஒட்டியாயிற்று. அது சரியாக வந்த உற்சாகத்தில் இரண்டாவதையும் அப்படியே பக்கத்தில் வைத்து அதே மாதிரி ஒட்டிவிடுவோம். மறுநாள் எடுத்துச் சேர்த்தால் இரண்டும் இடது கால் செருப்பு. இரண்டு இடது இறக்கை கட்டியவரையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பலகைகளையும் எதிரெதிராக, புத்தகம் விரித்த மாதிரி வைத்து, ஒட்ட வேண்டிய இடத்தில் "உள்ளே" என்று எழுதிவிட்டு ஒட்டினால் இந்தத் துயரம் வராது.

கட்டுகிற மேசையும் முக்கியம். சாப்பாட்டு மேசை நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு பழைய ஃப்ளஷ் டோர் கதவு கிடைத்தால் அதுதான் பொக்கிஷம். அதன்மேல் மெல்லிய சாஃப்ட் போர்டு, அதன்மேல் பிளான், பிளான்மேல் பாலித்தீன் தாள், அப்புறம்தான் கட்டைகள். பாலித்தீனை மறந்தால் இறக்கையோடு பிளானும் சேர்ந்து பறக்கும். குண்டூசியைக் கட்டையின் நடுவில் குத்தாமல் இரண்டு ஓரத்திலும் சாய்த்துக் குத்திப் பிடிக்க வையுங்கள். பால்சா என்ற இந்த லேசான மரம் ஓட்டை விழுந்த இடத்தில்தான் முதலில் முறியும்.

இறக்கை முறுக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பசை முழுசாகக் காயும்முன் ஆசைப்பட்டு எடுத்துவிடுவது, அல்லது மேல்பக்கம் பூராவும், இறக்கையைப் போர்த்தும் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டி இஸ்திரி போட்டுவிட்டுக் கீழ்ப்பக்கத்தை நாளைக்கு என்று விடுவது. ஃபிலிம் சூட்டில் சுருங்கும்போது ஒரே பக்கமாக இழுத்துவிடும். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். முடித்ததும் இறக்கையைச் சமதளத்தில் வைத்து நான்கு மூலைகளையும் பாருங்கள். பிறகு பின்னால் இருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். ஒரு நுனியின் பின்விளிம்பு மட்டும் கீழே தொங்கினால், மெதுவாக இறங்கும் நேரத்தில் அந்தப் பக்கம்தான் முதலில் விழும். எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொருவரை ஃபிலிம்மேல் சூடு காட்டச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில கிட்டுகளில் இரண்டு நுனிகளிலும் பின்விளிம்பை வேண்டுமென்றே சற்று உயர்த்தியிருப்பார்கள். அதை "சரிசெய்து" தட்டையாக்கிவிடாதீர்கள்.

இனி பசை. நம் ஊர் வெயிலும் ஈரக்காற்றும் கையேட்டுக்குத் தெரியாது. ஃபெவிக்விக் வகைப் பசை காற்றில் உள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. கடலோர ஊர்களில் விரலை எடுப்பதற்குள் பிடித்துக்கொள்ளும், திறந்த பாட்டிலும் சீக்கிரம் கெட்டியாகிவிடும். இரண்டு பாகத்தைக் கலந்து ஒட்டும் ஐந்து நிமிட எபாக்ஸி மே மாத மதியத்தில் மூன்று நிமிடம்கூடத் தாங்காது. அதைக் குவியலாகக் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே இன்னும் வேகமாக இறுகும். ஒரு அட்டையில் மெல்லியதாகப் பரப்பிக் கலக்குங்கள். மோட்டார் உட்காரும் ஃபயர்வாலுக்கும் இறக்கையின் நடு இணைப்புக்கும் முப்பது நிமிட எபாக்ஸிதான். அங்கே அவசரப்பட்டால் மோட்டார் தனியாகப் பறக்கும். தெர்மாகோல் விமானம் என்றால் சாதாரண ஃபெவிக்விக் பக்கமே போகாதீர்கள், நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும்.

"நல்லா நிக்கட்டும்" என்று பசையை அள்ளிப் பூசுவது இன்னொரு வழக்கம். வாலில் அதைச் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போடலாம். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 60 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது, மூக்கில் ஈயம் வைக்கக்கூடிய இடம் 20 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலில் அதிகப்படியாக 10 கிராம் எபாக்ஸி பூசினால், அதைச் சமன்செய்ய மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்க வேண்டும். 10 கிராம் தாராள மனசுக்கு 40 கிராம் தண்டம். கிட்டில் இருக்கும் பால்சாவில் லேசான துண்டுகளை வாலுக்கு ஒதுக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

இந்த ஈர்ப்பு மையத்தை, களத்தில் எல்லோரும் சொல்கிற மாதிரி சி.ஜி.யை, நான் கற்றுக்கொண்டது இரண்டாவது விமானத்தோடு. பழைய சிதிலத்திலிருந்து பிழைத்த சர்வோக்களையும் (மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்கள்) ரிசீவரையும் (ரிமோட் சிக்னலை வாங்கும் பெட்டி) வைத்துக் கட்டியது. அதே ஏரி. கிளப்பத் தயாரானபோது அங்கே பல வருஷமாகப் பறக்கவிடும் ஒரு பெரியவர் வந்தார்.

"தம்பி, பேலன்ஸ் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். வீட்லயே பாத்துட்டேன்."

"பேட்டரி போட்டுப் பாத்தீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் பேட்டரியை உள்ளே வைத்து மூடி, இரண்டு ஆள்காட்டி விரல்களை மட்டும் இறக்கைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். வால் மெதுவாக, ஒரு பெருமூச்சு மாதிரி, கீழே இறங்கியது. விரல்களை இன்னும் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிளானில் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 75 மில்லிமீட்டர் என்று போட்டிருந்த இடத்துக்கு 20 மில்லிமீட்டர் பின்னால்தான் அது சமமாக நின்றது. நான் வீட்டில் பார்த்தது பேட்டரியும் ப்ரொப்பெல்லரும் இல்லாத விமானத்தை. மாட்டிய பிறகும் பேட்டரியை விமானத்துக்குள் அதற்கான அறையின் பின்கோடியில் தள்ளி வைத்திருந்தேன், ஒயர் அங்கேதான் வசதியாக எட்டியது என்பதற்காக.

பறப்பதற்கு எப்படி இருக்குமோ அப்படியே, எல்லாம் மாட்டிய நிலையில் பாருங்கள். நேரான ட்ரெய்னர் இறக்கையில் சி.ஜி. முன்விளிம்பிலிருந்து அளந்தால் அகலத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் விழும். 250 மில்லிமீட்டர் அகல இறக்கை என்றால் சுமார் 63 முதல் 83 மில்லிமீட்டர். கிட்டில் கொடுத்திருக்கும் எண்ணே கடைசி வார்த்தை, முதல் பறப்புக்கு அதில் முன்பக்க எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு கொஞ்சம் கனத்தால் விமானம் சோம்பலாகப் பறக்கும், இறங்கும்போது வேகம் கேட்கும், சமாளித்துவிடலாம். வால் கனத்தால், மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரைத் தொட்டதும் குதிக்கும், வேகம் குறைந்ததும் கையை விட்டுப் போய்விடும். ஈயம் வாங்கும்முன் பேட்டரியை முன்னால் நகர்த்திப் பாருங்கள். அன்று எனக்கு அதுவே போதுமாக இருந்தது, ஒயரை மட்டும் நீட்டிக் கட்டினேன்.

மோட்டாரைப் பொருத்தும்போது ஃபயர்வால் கொஞ்சம் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் சாய்ந்திருப்பதைக் கண்டு, "கிட்காரன் தப்பா வெட்டிட்டான்" என்று வாஷர் வைத்து நேராக்கியவர்கள் உண்டு. அந்த இரண்டு மூன்று டிகிரிச் சாய்வு வேண்டுமென்றே வைத்தது. ப்ரொப்பெல்லர் சுழலும்போது விமானத்தை இடப்பக்கம் இழுக்கும், த்ராட்டிலை ஏற்றினால் மூக்கு தூக்கும். அந்த இரண்டையும் அடக்கத்தான் அது. ப்ரொப்பெல்லரில் எழுத்து இருக்கும் பக்கம் முன்னோக்கி வர வேண்டும். மாற்றிப் போட்டாலும் காற்றைத் தள்ளும், ஆனால் பாதி உயிரோடு. மோட்டாரே எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றினால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை: மேசையில் ரிமோட் செட்டிங் பார்க்கும்போது ப்ரொப்பெல்லர் மோட்டாரில் இருக்கவே கூடாது. பத்து அங்குல ப்ரொப்பெல்லர் விரலுக்கும் கத்தரிக்காய்க்கும் வித்தியாசம் பார்க்காது. முதலில் ரிமோட்டை ஆன் செய்து, பிறகு விமானத்தின் பேட்டரியை மாட்டுங்கள்; கழற்றும்போது தலைகீழ் வரிசை. ரிமோட்டை அணைத்தால் மோட்டார் தானாக நிற்கிறதா என்று ஃபெயில்சேஃபையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சர்வோவில் நடக்கிற தவறு வரிசை மாறுவதுதான். சர்வோவின் கையை முதலில் திருகிவிட்டு, கம்பியை மாட்டிவிட்டு, கடைசியில் கரண்ட் கொடுத்தால் எலிவேட்டர் கோணலாக நிற்கும். உடனே ரிமோட்டில் நடுநிலையைச் சற்று நகர்த்தும் ட்ரிம்மைத் தட்டித் தட்டி நேராக்குவோம். அப்புறம் ஒரு பக்கம் நிறைய அசையும், மறுபக்கம் கொஞ்சம்தான். ட்ரிம் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, சர்வோவுக்குக் கரண்ட் கொடுத்து, அது நடுநிலைக்கு வந்த பிறகு கையைக் கம்பிக்குச் செங்குத்தாக மாட்டுங்கள். மிச்சத்தைக் கம்பியின் நீளத்தில் சரிசெய்யுங்கள். அசைவு அதிகமாக இருந்தால் கம்பியைச் சர்வோ கையின் உள் துளைக்கு மாற்றலாம், அல்லது எதிர்முனையில், மடலில் கம்பி மாட்டும் ஹார்னின் வெளித் துளைக்கு. கையேட்டில் 10 மில்லிமீட்டர் அசைவு என்றிருந்தால் ஸ்கேல் வைத்து அளங்கள். "நல்லா திரும்பணும்" என்று 25 வைத்தவரின் விமானம் நன்றாகத்தான் திரும்பியது, தலைகீழாக.

மடலை இறக்கையோடும் வாலோடும் இணைக்கும் ஹிஞ்சுக்குத் தண்ணீர் மாதிரி ஓடும் ஃபெவிக்விக் வகைப் பசைதான். கெட்டிப் பசை வாய் ஓரத்திலேயே நின்றுவிடும், உள்ளே இறங்காது. இரண்டு பக்கமும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, காய்ந்ததும் ஒவ்வொன்றையும் தைரியமாக இழுத்துப் பாருங்கள். கையோடு வருவதாக இருந்தால் மேசையிலேயே வரட்டும்.

இந்த விமானங்களில் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. 2200 எம்.ஏ.எச். பேட்டரியை 2.2 ஆம்பியரில் சார்ஜ் செய்யுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. நாள்கணக்கில் சும்மா கிடக்கப்போகிறது என்றால் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

களத்துக்குப் போனதும் ரிமோட்டை, சிக்னலைக் குறைத்துப் பார்க்கும் ரேஞ்ச் சோதனை நிலையில் வைத்து முப்பது தப்படி நடந்து போய் எல்லாம் அசைகிறதா என்று பாருங்கள். விமான நிலையம் பக்கத்தில் இருக்கும் ஊர் என்றால், கிளம்பும் முன்பே விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா, அதாவது முன் அனுமதி தேவைப்படாத பகுதியா என்று பார்த்துவிடுங்கள்.

போன வருஷம் இன்னொன்றும் நடந்தது. என் ரிமோட்டில் இப்போது நான்கு விமானங்களின் செட்டிங் இருக்கிறது. வீட்டில் எல்லாம் சரிபார்த்துவிட்டு வந்து, ஏரியில் திரையைப் பார்க்காமலே பேட்டரியை மாட்டினேன். திரையில் இருந்தது வேறொரு விமானத்தின் பெயர். பழக்கதோஷத்தில் விமானத்துக்குப் பின்னால் போய் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினேன். வலது ஐலெரான் மேலே எழ வேண்டும். கீழே இறங்கியது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, கருவேல மர நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.