முள்ளுக்கு அசராத டயர்: மவுண்டன் பைக்கை டியூப்லெஸ் ஆக்கும் செய்முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே கிபா கோர்ஜ் சைக்கிள் பாதையில் பாறையும் வேரும். பாலிட்டோ பக்கம் ஹொல்லா டிரெயில்ஸ் போனால் கரும்புத் தோட்டத்து மண்பாதை. இரண்டு இடத்திலும் சமாளித்துவிடலாம். ஆனால் டர்பனை விட்டு உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தால் வேல முள்ளும் நெருஞ்சியும் டியூப் போட்ட டயரை ஒரு நாள்கூட விட்டுவைக்காது. நெருஞ்சி நம் ஊரில் இருக்கும் அதே செடிதான். காய் எப்படி விழுந்து கிடந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும்.

டியூப்லெஸ் என்றால் உள்ளே டியூப் இல்லாத டயர். அதற்குள் ஊற்றியிருக்கும் சீலன்ட் என்ற திரவம், முள் போட்ட ஓட்டையைத் தானே அடைத்துவிடும். காற்றைக் குறைத்து ஓட்டினாலும் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்க டியூபே இல்லை. டயர் கழற்றி மாட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ரிம்மிலும் டயரிலும் ‘டியூப்லெஸ் ரெடி’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இரண்டில் ஒன்றில் இல்லாவிட்டாலும் முயல வேண்டாம்.

வாங்க வேண்டியவை

டியூப்லெஸ் டேப் (ரிம்மின் உட்புறக் கம்பி ஓட்டைகளை மூட), வால்வு இரண்டு, வால்வு கோர் (வால்வின் உள்ளே திருகியிருக்கும் பாகம்) கழற்றும் சின்னச் சாவி, சீலன்ட், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஊசி இல்லாத 60 மி.லி. சிரிஞ்சு. வீட்டில் இருக்கும் பாத்திரம் கழுவும் சோப்பு போதும்.

டேப்பின் அகலத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரிம்மின் உள் அகலத்தை அளந்து, அதோடு 2 முதல் 4 மி.மீ. கூட்டி வாங்குங்கள். 30 மி.மீ. ரிம்முக்கு 32 அல்லது 34. கடையில் 25 மி.மீ. டேப்பைக் கொடுத்து “இதுவே போதும்” என்றால் வாங்காதீர்கள். ரிம்மில் ஸ்போக் கம்பிகளுக்கான ஓட்டைகளை அது மூடும். ஆனால் டயரின் விளிம்பு வந்து உட்காரும் இடம் வரை எட்டாது. விளிம்பு நகரும்போது டேப்பின் ஓரத்தைச் சுரண்டிக் கிளப்பிவிடும்.

டேப் ஒட்டுவது

இந்த வேலையில் பாதி நேரம் இங்கேயே போக வேண்டும். டியூப்லெஸ் சரிவரவில்லை என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு டேப்பில்தான்.

பழைய டேப்பை உரித்து, பசை முழுவதும் போகும்வரை ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். துடைத்த பிறகு விரல் படக் கூடாது. வால்வு ஓட்டைக்கு நேர் எதிர்ப்புறத்தில் ஒட்டத் தொடங்குங்கள். டேப் லேசாக நீளும் அளவுக்கு இழுத்துப் பிடித்து, ஒரு சாண் ஒட்டியதும் ரிம்மின் நடுப்பள்ளத்தில் கட்டைவிரலால் அழுத்தி இறக்குங்கள். பள்ளத்தின் மேல் பாலம்போல டேப் நின்றால், காற்றடித்ததும் அது கீழே அமுங்கி ஓரங்களை இழுத்துக்கொண்டு வரும். சுற்றி வந்ததும் தொடங்கிய இடத்தைத் தாண்டி 10 முதல் 15 செ.மீ. மேலே ஒட்டி வெட்டுங்கள்.

ஒட்டி முடித்ததும் உடனே வால்வு போட வேண்டாம். சாதாரண டியூப் ஒன்றைப் போட்டு டயரை மாட்டி 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றடித்து ஒரு இரவு விட்டுவிடுங்கள். டியூப் வால்வு நுழைய முதலில் அந்த இடத்தில் ஓட்டை போட வேண்டும். பிளேடால் கீறக் கூடாது. கீறல் காற்றழுத்தத்தில் நீண்டுகொண்டே போகும். ஆணி நுனியை மெழுகுவத்தியில் சூடாக்கி டேப் பக்கமிருந்து குத்துங்கள். ஓரம் உருகி வட்டமாக அடைத்துக்கொள்ளும். ஓட்டை வால்வை விடச் சற்றுச் சிறிதாக இருக்கட்டும்.

அந்த ஒரு இரவில் இரண்டு வேலை முடிகிறது: டேப் நன்றாகப் படிந்துவிடும், டயரின் இரு விளிம்பும் ரிம்மில் ஏறி உட்கார்ந்திருக்கும். மறுநாள் ஒரு பக்க விளிம்பை மட்டும் இறக்கி டியூபை உருவுங்கள். மறுபக்கம் உட்கார்ந்தபடியே இருக்கட்டும். கம்பிரசர் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

வால்வும் டயரும்

டியூப்லெஸ் வால்வை உள்ளிருந்து அழுத்தி, வெளி நட்டை விரலால் மட்டும் முடுக்குங்கள். பிளையர்ஸ் எடுக்க வேண்டாம். பாதையில் டியூப் போட நேர்ந்தால் அதே நட்டை விரலால் கழற்ற முடிய வேண்டும்.

இறக்கிய விளிம்பில் சோப்பு நீர் தடவி, வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கி வால்வு இருக்கும் இடத்தில் முடித்து ஏற்றுங்கள். மற்ற இடத்தில் விளிம்பு நடுப்பள்ளத்துக்குள் இறங்கினால்தான் கடைசி ஒரு சாணுக்குத் தளர்வு கிடைக்கும். இரும்பு லிவர் டேப்பைக் கிழிக்கும்; பிளாஸ்டிக் போதும்.

வால்வு கோரைக் கழற்றிவிட்டுத் தரை பம்பால் விடாமல் வேகமாக அடியுங்கள். ‘டப், டப்’ என்று விளிம்பு ஏறும் சத்தம் கேட்கும். ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் அங்கே சோப்பு நீர் தடவி மறுபடி அடிக்கலாம். ஆனால் 40 பிஎஸ்ஐயைத் தாண்டாதீர்கள். ரிம்மில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுவே எல்லை. பெட்ரோல் கராஜ் காற்றில் அடிப்பதானால், பிரெஸ்டா வால்வுக்கு (சைக்கிளின் ஒல்லி வால்வு) மாட்டும் பித்தளை அடாப்டர் வேண்டும்; அதைக் கோர் இருக்கும்போதுதான் திருக முடியும். ஏரோசாலைத் தெளித்துத் தீ வைத்து டயரை ஏற்றும் காணொளிகளைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

சீலன்ட்

புட்டியை ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். ஓட்டையை அடைக்கும் துகள்கள் அடியில்தான் தங்கியிருக்கும். 29 அங்குலம், 2.3 அகல டயருக்கு 100 முதல் 120 மி.லி. புது டயரானால் மேற்கொண்டு 20 மி.லி.; டயர்ச் சுவர் கொஞ்சம் குடித்துவிடும். காற்றை இறக்கி, கோர் இல்லாத வால்வு வழியே சிரிஞ்சால் ஏற்றி, கோரை மாட்டிக் காற்றடியுங்கள். அம்மோனியா இல்லாததையே வாங்கச் சொல்வேன். வாடை அடிக்காது, அலுமினிய ரிம்முக்கும் நல்லது.

சக்கரத்தைச் சுற்றி, குலுக்கி, வாளி மேல் ஒவ்வொரு பக்கமும் பத்து நிமிடம் படுக்க வையுங்கள். பிறகு சும்மா நிறுத்திவைக்காமல் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். இனியும் காற்று இறங்கினால் சோப்பு நீர் ஊற்றிப் பாருங்கள். விளிம்பில் குமிழி வந்தால் கவலையில்லை, ஓரிரு நாளில் அடைபடும். கம்பி ரிம்முக்குள் நுழையும் இடத்தில் குமிழி வந்தால் டேப் ஒழுகுகிறது. எவ்வளவு சீலன்ட் ஊற்றினாலும் அடங்காது. பிரித்து முதலிலிருந்து ஒட்டுங்கள்.

காற்று எவ்வளவு

75 கிலோ எடை, 2.35 டயர் என்றால் முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். பின் ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். 22 பிஎஸ்ஐ என்பது சுமார் 150 கிலோபாஸ்கல். கராஜ் மீட்டரை இந்த அளவில் நம்ப முடியாது. கையடக்க டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். டர்பனில் அடித்துக்கொண்டு 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால், வெளிக் காற்றழுத்தம் குறைவதால் மீட்டர் சுமார் 2 பிஎஸ்ஐ கூடக் காட்டும். அண்டர்பெர்க் பக்கம் தொடங்கி ஸ்காட்பர்க் கடற்கரையில் முடியும் சானி2சி போன்ற பந்தயத்தில் இது தலைகீழ். மேலே சரியாக இருந்த டயர் கீழே வரும்போது தொளதொளக்கும். குளிர்காலக் காலையில் 10 டிகிரி குறைந்தாலும் ஒரு பிஎஸ்ஐ போல இறங்கும்.

பிறகு சேர்த்தவை

சீலன்ட் எத்தனை நாள் வரும் என்று பலர் கேட்டிருந்தார்கள். கடலோர வெயிலில் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். காற்றை இறக்கி, வால்வு கீழே வரும்படி நிறுத்தி, கோரைக் கழற்றி, மெல்லிய கேபிள் டையை உள்ளே விட்டு எடுங்கள். நுனி நனையவில்லை என்றால் 60 மி.லி. ஊற்றுங்கள். கோரிலேயே சீலன்ட் காய்ந்து அடைத்துக்கொண்டு காற்று ஏற மறுப்பதும் உண்டு. பையில் மாற்றுக் கோர் ஒன்று இருக்கட்டும்.

பாதையில் சட்டென்று காற்றடிக்க உதவும் கார்பன் டை ஆக்சைடு குப்பி: வெளிவரும் வாயுவின் குளிரில் லேடெக்ஸ் (ரப்பர் பால்) சீலன்ட் கட்டிதட்டிவிடும். வேறு வழியில்லை என்றால் வால்வை மேலே வைத்து அடியுங்கள். என் ஓட்டு கைப்பம்புக்குத்தான்.

பெரிய ஓட்டைக்குப் பிளக் (ஓட்டையை அடைக்கும் ரப்பர் துண்டு) குத்தும் கருவி கட்டாயம் வேண்டும். குத்திய பிளக்கை வீட்டுக்கு வந்து பிடுங்க வேண்டாம், அப்படியே ஓடும்.

இன்னொன்று. டயர் பக்கவாட்டில் கிழிந்து டியூப் போட நேர்ந்தால், அதற்குமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றிலும் துடையுங்கள். சீலன்ட் அடைத்துவைத்திருந்த நெருஞ்சி முட்கள் நுனி நீட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும். ஒன்றை விட்டாலும் புது டியூப் சில நூறு மீட்டர்கூடத் தாங்காது. வெறும் விரலால் தடவாதீர்கள். துணி சிக்கும் இடத்தில் சின்ன இடுக்கியால் பிடித்து வெளியே இழுங்கள்.