ஊர் ஓரத்துல கெமிக்கல் கழிவு கொட்டுறாங்களா? புகார் குடுக்குறது எப்படி, படிப்படியா

நடு ராத்திரி டேங்கர் வந்து ஓடையில திறந்து விட்டுட்டுப் போகும், இல்லைன்னா பொறம்போக்குல ட்ரம் ட்ரம்மா எறக்கி வச்சுட்டுப் போயிடுவாங்க. சிப்காட் பக்கத்து ஊர்க்காரங்க யாரைக் கேட்டாலும் இந்தக் கதை சொல்லுவாங்க. நம்ம ஆளுங்களும் பெட்டிஷன் குடுக்காம இல்ல, ஆனா அதுல "மக்கள் பெரும் அவதிக்குள்ளாகி வருகின்றனர்"னு ரெண்டு பக்கம் இருக்கும், எந்த எடம், எந்தத் தேதி, யாரோட கழிவுங்குறது மட்டும் இருக்காது. இந்த மூணு இல்லாத பெட்டிஷன் ஃபைல்லயே தூங்கிடும், அதனால இந்தப் பதிவு முழுக்க அந்த மூணையும் எப்படி சேர்க்குறதுங்குறதைப் பத்திதான்.

படி 1: கிட்ட போகாதீங்க

சொன்னா சிரிப்பீங்க, ஆனா முதல்ல ட்ரம்மைத் திறந்து மோந்து பாக்குற ஆளுதான் எல்லா ஊர்லயும் இருக்காரு. தொடாதீங்க, கொளுத்தாதீங்க, கழிவு மேல பட்ட காத்து உங்க மேல அடிக்கிற மாதிரி நிக்காதீங்க, ஆடு மாடு புள்ளைங்களை அந்தப் பக்கம் விடாதீங்க. கேஸ் கசியுற மாதிரி கண்ணு எரிஞ்சா, மூச்சு அடைச்சா அது புகார் எழுதுற நேரம் இல்ல, 112 இல்ல 101-க்கு போன் பண்ணிட்டு நகர்ந்துடுங்க.

படி 2: இது எந்த வகைக் கழிவுன்னு பாருங்க

எல்லாத்துக்கும் ஒரே சட்டம்னு நினைச்சுக்காதீங்க. ட்ரம்ல இருக்குற பெயிண்ட் கசடு, பழைய எஞ்சின் ஆயில், ஆசிட், எலெக்ட்ரோபிளேட்டிங் கசடு இதெல்லாம் 2016-ம் வருஷத்து அபாயகரக் கழிவு விதிகள்ல வரும். ஊசி, ரத்தம் பட்ட பஞ்சு, மருந்து பாட்டில்னா அதே 2016-ல வந்த மருத்துவக் கழிவு விதிகள். பேட்டரிக்கும் எலெக்ட்ரானிக் குப்பைக்கும் 2022 விதிகள் தனித்தனியா இருக்கு. பைப்லயோ டேங்கர்லயோ வர்ற சாயத்தண்ணி, தோல் பதனிடுற ஷாப் தண்ணின்னா 1974 தண்ணீர் சட்டம். வகை சரியாத் தெரியலைன்னாலும் பரவாயில்ல, பாத்ததை எழுதுங்க (நெறம், வாடை, எத்தனை ட்ரம், என்ன லேபிள்), எந்த விதின்னு பிரிக்கிறது அதிகாரிங்க வேலை.

படி 3: யாரோடதுன்னு கண்டுபிடிக்க ஆதாரம்

இங்கதான் பொறுமையா இருக்கணும். கேரளா மருத்துவக் கழிவை திருநெல்வேலி மாவட்டத்துல கொடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கொட்டுனது 2024 டிசம்பர்ல பெரிய விஷயமாச்சு இல்லையா, அதுல குப்பைக்குள்ளயே ஆஸ்பத்திரி பேர் போட்ட பேப்பருங்க கெடந்துச்சு, அதனால "எங்களுது இல்ல"ன்னு யாரும் லேசுல கை கழுவ முடியல. போலீஸ் கேஸ் போட்டு ஆளுங்களை அரெஸ்ட் பண்ணாங்க, பசுமைத் தீர்ப்பாயம் (சுற்றுச்சூழல் வழக்குக்குன்னே இருக்குற கோர்ட்) மூணு நாள்ல அள்ளணும்னு கேரளாவுக்கு உத்தரவு போட்டுச்சு, அவங்களே லாரி கொண்டாந்து அள்ளிட்டுப் போனாங்க. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி விவகாரமும் 2001-ல இப்படித்தான் வெளிய வந்துச்சு, ஊருக்குள்ள ஒரு பழைய இரும்புக் கடையில பாதரசம் கலந்த உடைஞ்ச கண்ணாடி மட்டும் 7.4 டன் இருந்துச்சு, ஃபேக்டரியை மூடுனாங்க, 2003-ல பாதரசக் கழிவு 290 டன்னை அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்ப வேண்டியதாச்சு.

அதனால ஜூம் பண்ணி லேபிளை எடுங்க. விதிப்படி அபாயகரக் கழிவு ட்ரம்ல படிவம் 8 லேபிள் ஒட்டணும், அதுல அனுப்புறவங்க பேர் விலாசம் இருக்கும். கொட்டுறவன் அதைக் கிழிச்சிருப்பான்தான், ஆனா ஏதாவது ஒண்ணுல பேட்ச் நம்பரோ பில்லோ மிச்சம் இருக்கும். லாரி நம்பர் பிளேட், டேங்கர் மேல எழுதியிருக்குற பேர், பின்னாடி ஊரோ வாய்க்காலோ தெரியிற மாதிரி ஒரு அகல போட்டோ, போன்ல லொக்கேஷன் ஆன் பண்ணி எடுத்தது, இவ்ளோ போதும். லாரியை மறிச்சு சண்டை போடாதீங்க, 112-க்கு சொல்லிட்டு தள்ளி நின்னு வீடியோ எடுங்க. போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்புனா தேதி, லொக்கேஷன் விவரம் அழிஞ்சுடும், ஒரிஜினல் ஃபைலை போன்லயே பத்திரமா வச்சுக்கோங்க.

நெறைய பேர் கேக்குறது: நாமளே பாட்டில்ல தண்ணி புடிச்சு லேப்ல குடுக்கலாமா? குடுக்கலாம், ஒரு அறிகுறிக்கு உதவும். ஆனா தண்ணீர் சட்டப்படி கோர்ட்ல செல்லுற சாம்பிள்னா மாசு கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி கம்பெனிக்காரங்களுக்கு நோட்டீஸ் குடுத்து எடுத்து, ரெண்டா பிரிச்சு சீல் வைக்கணும். அதனால "வந்து சாம்பிள் எடுங்க, எங்களையும் கூப்பிடுங்க"ன்னு பெட்டிஷன்லயே கேட்டுடுங்க.

படி 4: பெட்டிஷன் எழுதுறது, குடுக்குற எடம்

ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

"… கிராமம், சர்வே எண் … ஓடைப் புறம்போக்கில், … தேதி இரவு … மணியளவில், … பதிவு எண் கொண்ட லாரியிலிருந்து சுமார் … ட்ரம்கள் இறக்கப்பட்டன. ட்ரம்மில் … என்ற பெயர் உள்ளது. இடத்தை ஆய்வு செய்து, மாதிரி எடுத்து, கழிவை அகற்றி, எடுத்த நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

சர்வே நம்பர் விஏஓ கிட்ட கேட்டா சொல்லுவாரு. முதல் காப்பி தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு, ரெண்டாவது கலெக்டருக்கு (திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல குடுத்தா நம்பர் போட்டுத் தருவாங்க), மூணாவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. நேர்ல குடுத்தா சீல் வச்ச காப்பி வாங்காம வராதீங்க, இல்லைன்னா ஸ்பீட் போஸ்ட்ல ஒப்புகையோட அனுப்புங்க. இந்த சீல் வச்ச பேப்பர்தான் பின்னாடி உங்க உயிர்.

ஆர்டிஓவை (வண்டி ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர்) நெறைய பேர் மறந்துடுறாங்க. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி உத்தரவு போட அவருக்கு புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிஎன்எஸ்எஸ் பிரிவு 152-ல அதிகாரம் இருக்கு, பழைய சட்டத்துல (சிஆர்பிசி) பிரிவு 133-தான் அது. பக்கத்துல கழிவு நாறிக்கிட்டிருக்குறப்ப இது நல்ல வழின்னு எனக்குத் தோணுது.

படி 5: ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடுங்க

பதில் வரலைன்னா பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வாரியத்தோட பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க, 30 நாள்ல பதில் தரணும். "ஏன் நடவடிக்கை எடுக்கல"ன்னு கேட்டா பதில் வராது, ஆவணமாக் கேளுங்க: அந்தக் கம்பெனிக்கு வாரியம் குடுத்த இசைவாணை (இயங்க அனுமதி) நகல், அபாயகரக் கழிவுக்கான அங்கீகார நகல், என் புகார் மேல நடந்த ஆய்வு அறிக்கை, அப்புறம் படிவம் 10.

இந்த படிவம் 10-தான் எனக்குப் புடிச்ச ஆயுதம். கழிவு ஃபேக்டரியை விட்டு வெளிய போறப்ப கூடவே போக வேண்டிய சீட்டு அது, ஏழு கலர்ல ஏழு காப்பி, அனுப்புறவர், லாரிக்காரர், வாங்குறவர், வாரியம்னு ஆளுக்கொண்ணு. கழிவை 90 நாளுக்கு மேல பொதுவா ஃபேக்டரியில வச்சுக்கவும் கூடாது. அப்போ ஒரு கம்பெனி வருஷத்துக்கு இவ்ளோ கழிவு வரும்னு அங்கீகாரத்துல எழுதியிருக்கு, கும்மிடிப்பூண்டியில இருக்குற மாதிரி கழிவை முறையாப் புதைக்கிற நிலத்துக்குப் போன சீட்டு அதுல கால்வாசிக்குத்தான் இருக்குன்னா, மிச்சம் எங்க போச்சுன்னு அவங்கதான் சொல்லணும்.

படி 6: பசுமைத் தீர்ப்பாயம்

தென்மண்டல அமர்வு சென்னையில சேப்பாக்கம் கலச மகால்ல இருக்கு. வக்கீல் இல்லாம நேர்லயும் வாதாடலாம், ஆனா மனு இங்கிலீஷ்ல இருக்கணும், அதுக்காவது தெரிஞ்சவங்க உதவி வேணும். ஃபீஸ் 1000 ரூபா, நஷ்டஈடு கேட்டா கேக்குற தொகையில ஒரு சதவீதம், வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு அந்த ஃபீஸ் கிடையாது. நாள் கணக்குதான் முக்கியம்: நிறுத்தச் சொல்லி கேக்குறதுக்கு பிரச்சனை முதல்ல ஆரம்பிச்சதுலேர்ந்து 6 மாசம், நஷ்டஈடோ நிலத்தைச் சரிபண்ணவோ கேக்க 5 வருஷம், ரெண்டுக்கும் தகுந்த காரணம் காட்டுனா மேல 60 நாள். ஆர்டிஐ பதிலுக்குக் காத்துக்கிட்டே அந்த 6 மாசத்தை விட்டுடாதீங்க.

தண்டனை என்னன்னு கேப்பீங்க. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துல முன்னாடி 5 வருஷம் ஜெயில்னு இருந்துச்சு. 2024 ஏப்ரல் 1-லேர்ந்து அது போய், பத்தாயிரத்துலேர்ந்து 15 லட்சம் வரைக்கும் அபராதம்னு ஆயிடுச்சு, தொடர்ந்து மீறுனா நாளுக்கு பத்தாயிரம் கூட. அபராதத்தைக் கட்டலைன்னாதான் ஜெயில் பேச்சே. பெரிய கம்பெனிக்கு 15 லட்சமெல்லாம் டீ செலவுன்னு நான் நினைக்கிறேன், அதனாலதான் சுத்தம் பண்ற மொத்தச் செலவையும் அவன் தலையில கட்டுற தீர்ப்பாய வழி முக்கியம். 2016 விதிகள்ல 23-வது விதியும் கழிவை உண்டாக்குனவர், அதை அழிக்கிற நிலையத்தை நடத்துறவர் ரெண்டு பேருமே சேதத்துக்குப் பொறுப்புன்னு சொல்லுது, மனுவுல அதைக் கண்டிப்பா எழுதுங்க, லாரிக்காரனை மட்டும் மாட்டிவிட்டுட்டு கம்பெனி தப்பிக்கிறது அப்பதான் கஷ்டமாகும்.