பிஸ்டனை மாற்றும் முன்: டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள என் பட்டறையில் தொழில் பழகும் இரண்டு இளைஞர்கள், 30 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்துகொண்டிருக்கிறார்கள். சுவிட்சைப் போடாமல் கயிற்றை இழுப்பது, ஆயில் கலக்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒருமுறை பட்டாலே புத்தியில் ஏறிவிடும்.

காரணத்தைத் தேடாமல் பிஸ்டனை மாற்றுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. தோட்ட வேலைக்காரர் ஒருவர் சீஸ் ஆன, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நின்றுபோன, பிரஷ் கட்டரை (புல் வெட்டும் இயந்திரம்) கொண்டுவந்தார். சிலிண்டரில் ஒட்டியிருந்த அலுமினியத்தைத் தேய்த்து எடுத்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டுக் கொடுத்தேன். முதல் இழுப்பிலேயே ஓடியது. இரண்டு வாரத்தில், சைலன்சர் பக்கம் அதே இடத்தில் அதே கீறல்களோடு திரும்பி வந்தது. ஆயிலைக் குறைத்து ஊற்றியிருப்பார் என்று அவரைக் கடிந்துகொண்டு இன்னொரு பிஸ்டன் போட்டேன். அதுவும் போன பிறகுதான் ஃப்ளைவீலைக் கழற்றினேன். பின்னால் இருந்த கிராங்க் சீல் (கிராங்க் அறையில் காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) நகம்போல் இறுகி, உதடு பிளந்து கிடந்தது. கால் ரொட்டி பன்னி சௌவின் (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய டர்பன் உணவு) விலைகூடப் பெறாத அந்த ரப்பர் வளையத்துக்காக இரண்டு பிஸ்டன்களின் பணம் என் கையிலிருந்து போயிற்று.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகிறது என்பதால், அந்த அறையில் காற்று கசியவே கூடாது. சீல் கசிந்தால் கார்புரேட்டர் அறியாத காற்று உள்ளே புகுந்து, கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து அது நீர்த்துப்போகும். ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது என்பதால் சூடு ஏற ஏற மசகும் போதாமல் போகும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்கத் தயங்குவதும், ஐடிலில் (சுமையின்றி மெதுவாக ஓடும்போது) வேகம் தானாக ஏறுவதும் இதன் அறிகுறிகள். புதியவர் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கார்புரேட்டர் திருகைத் திறந்துவிடுவார். நோய் மறையும், தீராது.

சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, கைப்பம்பால் 0.5 பார் அழுத்தத்துக்குக் காற்றேற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் சோப்பு நீர் இடத்தைக் காட்டிவிடும். பிறகு காற்றை உறிஞ்சியும் சோதிக்க வேண்டும், ஏனெனில் வெளிநோக்கிய அழுத்தத்தைத் தாங்கும் சீல் உள்நோக்கிய இழுப்பில் விட்டுக்கொடுப்பதுண்டு. பழைய பிஸ்டனையும் எறிந்துவிடாதீர்கள். சைலன்சர் பக்கம் மட்டும் கீறல் இருந்தால் சூட்டையும் நீர்த்த கலவையையும், கார்புரேட்டர் பக்கம் இருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டி வந்த தூசியையும் முதலில் சந்தேகியுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் டியூனிங்கோடு டர்பனில் ஓட்டுவது

ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில், மெல்லிய காற்றுக்கு ஏற்றபடி திருகிய கார்புரேட்டருக்குக் கடலோரக் காற்று அடர்த்தி மிகுந்தது, கலவை நீர்த்துப்போகும். திருகைத் தொடாமல் ஒரு நாள் முழுவதும் கரும்புக்காட்டு ஓரம் புல் வெட்டினால், மேலே சொன்ன பிஸ்டனின் கதைதான்.

ஐடிலில் ஓட்டிவிட்டுப் பிளக்கின் நிறம் பார்ப்பது

பிளக்கின் நிறம் கலவை சரியா என்று காட்டும்; ஆனால் முழு வேகத்தில், சுமையோடு ஓட்டி, அப்படியே நிறுத்திப் பாருங்கள்.

சைலன்சர் வலையை மறப்பது

அந்த வலையில் கரி அடைந்துகொள்ளும். இழுவை குறைந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

பத்து நிமிடத்தில் நின்றால் காயிலைக் குறை சொல்வது

பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் சூடானால் நெருப்புப்பொறி தராமல் போவது உண்மைதான். ஆனால் நின்றவுடனே, சூடு ஆறுவதற்குள், பொறியைப் பார்க்காமல் அதை முடிவுசெய்யக் கூடாது. நேற்று இளையவர் புதிய காயிலை உறையிலிருந்து பிரித்தே விட்டார். நான் டேங்க் மூடியை அரைச்சுற்றுத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியின் காற்றுத்துளையில் புல்தூள் அடைத்திருந்ததால், டேங்குக்குள் காற்று போகாமல் பெட்ரோல் வருவது நின்றிருந்தது.