செட்டிநாட்டு வீட்டில் அறை எடுக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜூன், ஜூலை வந்தால் காரைக்குடியில் அறை தேடுகிறவர்கள் கூட்டம் பெருகிவிடும். அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்கள், சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ச்சிக்குச் சேருகிறவர்கள், வங்கியில் மாற்றலாகி வருகிறவர்கள். இவர்களுக்கு அறை பிடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. நாங்கள் அறை தேடிய காலத்துத் தவறுகளையே இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். தண்ணீர் வருமா, மீட்டர் தனியா என்பதெல்லாம் யாரும் கேட்டுக்கொள்வார்கள், விடுங்கள். வீட்டுக்காரரும் குடியிருக்கும் வீட்டில் அறை எடுப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அறையை மட்டும் எழுதி வாங்குவது

இங்குள்ள பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். திண்ணை, முகப்பு என்கிற முன்கூடம், வளவு என்கிற நடு முற்றம், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீண்டுகொண்டே போகும். உங்கள் அறை வளவைப் பார்த்து இருக்கும். குளியலறையும் கழிப்பறையும் கிணற்றடிப் பக்கம் இருக்கும். அறையிலிருந்து குளிக்கப் போவதற்கே இரண்டு கட்டுகளைத் தாண்ட வேண்டும். ஆனால் வாடகைத் தாளில் "வளவில் கிழக்குப் பக்கத்து அறை ஒன்று" என்று ஒரே வரிதான் எழுதியிருக்கும்.

இன்னொன்று. அந்த வீடு பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருக்காது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஆளுக்கொன்றாகப் பங்காளிகளுக்குப் போயிருக்கும், முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. மற்ற அறைகள் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடப்பதால், குடியிருக்கும் ஆச்சிதான், அதாவது வீட்டுக்கார அம்மாதான், முழு வீட்டுக்கும் சொந்தக்காரர் என்று புதிதாக வருகிறவர் நினைத்துக்கொள்கிறார்.

கோட்டையூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்கு அறை பார்த்துக் கொடுத்தேன். பங்காளிகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம், போகவர வழியையும் தாளில் எழுதிவிடலாம் என்றேன். "ஆச்சி தங்கமானவங்க அண்ணே, அதையெல்லாம் எதுக்கு எழுதிக்கிட்டு" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். தை மாதம் பங்காளி வீட்டுக் கல்யாணம் வந்தது. பூட்டிய அறைகள் திறந்தன, முகப்பில் ஜமுக்காளம் விரித்தார்கள், மூன்றாம் கட்டில் கோட்டை அடுப்பு மூட்டினார்கள். குளியலறைக்குப் போகும் வழியில் அண்டாக்களும் வாழைத்தார்களும். சென்னையிலிருந்து வந்த பெரியவர், "பொது வளவுல யாரைக் கேட்டு ஆள் வச்சீக?" என்று ஆச்சியை எல்லோர் முன்னும் கேட்டுவிட்டார். மாணவத் தம்பியைப் பின்வாசல் வழியாகப் போய்வரச் சொன்னார்கள். பின்வாசல் சாவி வேறொரு பங்காளியிடம் இருந்தது, அவர் அப்போது ஊரிலேயே இல்லை. தம்பி நண்பன் அறையில் போய்ப் படுத்தார். அந்த மாத வாடகையும் போயிற்று, முன்பணத்தில் பாதி இன்னும் வரவில்லை. எனக்கு ஆச்சி மேல் கோபமில்லை. "எதுக்கு எழுதிக்கிட்டு" என்றாரே தம்பி, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

சட்டமும் பங்காளிகள் பக்கம்தான் சாயும். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆவது பிரிவைப் பாருங்கள். பாகம் பிரிக்காத குடும்ப வீட்டில் ஒருவரின் பங்கை வெளியாள் வாங்கினால்கூட, அந்த வீட்டைக் குடும்பத்தாரோடு சேர்ந்து அனுபவிக்கும் உரிமை அந்தப் பிரிவின்படி அவருக்கு வந்துவிடாது. பங்கையே விலைக்கு வாங்கியவர் கதி இது. மாத வாடகைக்கு இருக்கிறவர் எதை வைத்து வாதாடுவார்?

அதனால் வீட்டில் யாருக்கெல்லாம் பங்கு உண்டு என்று முதலிலேயே கேளுங்கள். முகப்பு, வளவு வழியாக எந்நேரமும் போய்வரலாம் என்றும், குளியலறை, கழிப்பறை, துணி உலர்த்தும் இடம், வண்டி நிறுத்தும் இடம் எவை என்றும் தாளில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கல்யாண நாட்களிலும், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு நாட்களிலும் எந்த வழி என்பதற்கும் ஒரு வரி வேண்டும். ஊரிலிருக்கும் பங்காளி ஒருவரையாவது சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பின்னால் "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்ல முடியாது.

தலைவாசல் சாவி

சாவி கொடுத்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அந்தத் தேக்குக் கதவுக்கு உள்பக்கம் குறுக்குக் கட்டை ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் வெளியிலிருந்து எந்தச் சாவியும் உதவாது. இரவு பல்லவன் ரயிலில் வந்திறங்கித் திண்ணையில் படுத்து விடியும்வரை கொசுக்கடி வாங்கியவர்கள் உண்டு. எத்தனை மணிக்குக் கட்டை போடுவார்கள், பிந்தி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

உள்ளறையைப் பார்க்காமல் விடுவது

வளவு அறைகள் பலவற்றில் அறைக்குள் இன்னொரு அறை இருக்கும். வெளியறையை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, உள்ளறையில் சீர்ப் பாத்திரங்களையும் பெட்டியையும் ஆச்சி பூட்டி வைத்திருப்பார். விசேஷம் வந்தால் பாத்திரம் எடுக்க உங்கள் கட்டிலைத் தாண்டித்தான் அவர் போயாக வேண்டும்.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டில் ஒரு பகுதியைத் தனியாக வாடகைக்கு விட்டாலும் இது பொருந்தும். பழுது பார்க்கவோ சோதிக்கவோ வீட்டுக்காரர் உள்ளே வருவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் அறை உங்கள் தனி அனுபவத்தில் இருந்தால்தான் நீங்கள் வாடகைதாரர். சாப்பாடு போட்டு, அறையைக் கூட்டி, சாவியையும் வீட்டுக்காரரே வைத்திருந்தால் உங்களை அனுமதியின்பேரில் தங்கியவர் என்று சொல்லிவிட இடமுண்டு. தாளுக்கு என்ன பெயர் வைத்தோம் என்பதைவிட உண்மையில் இடம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 1959லேயே சொல்லிவிட்டது. ஆகவே பூட்டு உங்களுடையதாக இருக்கட்டும். உள்ளறைக்கு எந்த நாளில், எந்த நேரத்தில் வருவார் என்பதைத் தாளில் எழுதுங்கள்.

11 மாதம்தானே, பதிவு எதற்கு என்பது

அந்த 2017 சட்டப்படி எத்தனை மாதமானாலும் எழுத்தும் பதிவும் வேண்டும்.

முன்பணம்

வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கிடையாது. ரசீது வாங்குங்கள்.

சண்டை வந்ததும் வாடகையை நிறுத்துவது

அவர் மோட்டாரை நிறுத்தினார், அதனால் நான் வாடகையை நிறுத்தினேன் என்று வருகிறார்கள். தண்ணீர், மின்சாரம், நடைவழி விளக்கு, கழிவறை வசதி இவற்றை நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். நீங்கள் வாடகையை நிறுத்தினால் காலி செய்யச் சொல்ல அவருக்கே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு மனுவோடு போங்கள்.