1863 குவாத்தமாலா–எல் சால்வடோர் போர்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேதிப் பிழை, பெயர்களில் எழுத்துப் பிழை போன்றவை ஒருமுறை சரிபார்த்தால் தீர்ந்துவிடும். அவற்றை இங்கே விட்டுவிடலாம். இந்தப் போரைப் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிகள் வேறு.

கோவாதெபெக்கேயோடு போரை முடித்துவிடுவது

கட்டுரையையே கெடுத்துவிடும் தவறு இது. எத்தனை முறை கண்ணில் பட்டாலும் எரிச்சல் குறையவில்லை.

1863 பிப்ரவரியில் குவாத்தமாலா அதிபர் ரஃபேல் கரேரா படையோடு எல்லை தாண்டி வந்தார். எல் சால்வடோரின் தலைவர் ஹெரார்தோ பாரியோஸ் கோவாதெபெக்கேயில் மேட்டுநிலத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். 24ஆம் தேதி கரேரா நேருக்கு நேர் மோதினார். தாக்குதல் முறிந்தது, பலத்த இழப்போடு பின்வாங்கினார். விறுவிறுப்பான சண்டை, சந்தேகமில்லாத வெற்றி. எழுதுகிறவர் அங்கேயே நிறுத்திவிட்டு, அடுத்த பத்தியில் "1865இல் பாரியோஸ் சுட்டுக் கொல்லப்பட்டார்" என்று தாவிவிடுகிறார். ஜெயித்தவர் எப்படித் தோற்றார் என்பதுதான் இந்தப் போரின் மையக் கேள்வி. அதற்கான பதில் முழுவதும் அந்த இரண்டு பத்திகளுக்கு நடுவில் தொலைந்துபோகிறது.

விட்டுப்போனவை இவை. வெற்றிச் சூட்டோடு பாரியோஸ், நிக்கராகுவா அரசை எதிர்த்துக் கிளம்பிய மாக்சிமோ ஹெரெஸுக்குத் துணை நின்றார். அந்தப் படையெடுப்பு ஏப்ரல் இறுதியில் லெயோன் நகரின் சான் ஃபெலிப்பேயில் தோற்றது. நிக்கராகுவா அதிபர் தோமாஸ் மார்த்தினெஸ் கரேராவின் பக்கம் நின்றார். ஜூனில் கரேரா மறுபடி வந்தார். அதே சமயம் விசென்தே செர்னா தலைமையில் ஒரு குவாத்தமாலாப் படை ஹொண்டுராஸுக்குள் புகுந்தது. பாரியோஸின் கூட்டாளி அரசு அங்கே கவிழ்ந்தது. அதைவிடப் பெரிய அடி வீட்டுக்குள்ளேயே விழுந்தது. சான்தா ஆனாவில் இருந்த அவருடைய தளபதி சான்தியாகோ கொன்சாலெஸ் அவருக்கு எதிராகத் திரும்பினார். மேற்குப் பகுதி கைவிட்டுப் போனது. பாரியோஸுக்குப் பதில் பிரான்சிஸ்கோ துவேன்யாஸை எல் சால்வடோரின் அதிபராக்கும் வேலை தொடங்கியது. கடைசியில் சான் சால்வடோர் முற்றுகை: அக்டோபர் 26 அன்று நகரம் விழுந்தது, பாரியோஸ் தப்பினார்.

எழுத உட்காரும் முன் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: பிப்ரவரி கோவாதெபெக்கே, ஏப்ரல் லெயோன், ஜூன்–ஜூலை ஹொண்டுராஸும் சான்தா ஆனாவும், அக்டோபர் சான் சால்வடோர். ஒவ்வொரு கட்டத்திலும் "யார் யாரோடு இருந்தார்கள், யார் விலகினார்கள்" என்று குறியுங்கள். இரண்டாவது, மூன்றாவது கட்டங்கள் காலியாக இருந்தால் கட்டுரை இன்னும் தயாராகவில்லை. "இரண்டு நாட்டுப் போர்" என்ற தலைப்பு எவ்வளவு குறுகலானது என்பதும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

பாரியோஸைக் கொன்றது கரேரா என்று எழுதுவது

கரேரா 1865 ஏப்ரல் 14 அன்றே இறந்துவிட்டார். பாரியோஸ் சுடப்பட்டது ஆகஸ்ட் 29 அன்று. நாடு திரும்பும் முயற்சியில் கடல்வழி வந்தவரின் கப்பலை மின்னல் தாக்கியது. அது நிக்கராகுவாக் கரைக்கு ஒதுங்கியது. அங்கே பிடிபட்டார். உயிருக்குச் சேதம் வராது என்ற உறுதியின் பேரில் நிக்கராகுவா அவரை எல் சால்வடோரிடம் ஒப்படைத்தது. துவேன்யாஸ் அரசு அந்த உறுதியை மீறியது. பழி யாருடையது என்பதில் தடுமாறக் கூடாது.

மதச் சண்டை என்று சுருக்குவது

1861இல் பாதிரியார்கள் அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று பாரியோஸ் கட்டளையிட்டதும், சான் சால்வடோர் ஆயர் குவாத்தமாலாவுக்குப் போய்விட்டதும் உண்மை. பகை முற்ற அது காரணம். ஆனால் அது மட்டும் போதாது. பாரியோஸ், மத்திய அமெரிக்கக் கூட்டாட்சியின் தலைவராக இருந்த பிரான்சிஸ்கோ மொராசானின் அரசியல் வழியில் வந்தவர். உடைந்துபோன அந்தக் கூட்டாட்சியை மீண்டும் ஒட்டவைக்க நினைத்தவர். மொராசானை வீழ்த்தித்தான் கரேரா எழுந்தார். பக்கத்து நாட்டில் அந்தக் கனவு வளர்வதை அவர் பொறுத்திருக்க வழியில்லை. தாராளவாதி (பாரியோஸ் தரப்பு), பழமைவாதி (கரேரா, துவேன்யாஸ் தரப்பு) என்ற முத்திரைகளையும் அளவோடு பயன்படுத்துங்கள்: 1863இல் துவேன்யாஸுக்கு வழிவிட்ட அதே கொன்சாலெஸ்தான் 1871இல் துவேன்யாஸைக் கவிழ்த்தார்.

இரண்டு பாரியோஸ்களைக் கலப்பது

ஹெரார்தோ, எல் சால்வடோர்க்காரர், 1865இல் கொல்லப்பட்டார். ஹூஸ்தோ ருஃபினோ, குவாத்தமாலாக்காரர், 1885 ஏப்ரல் 2 அன்று எல் சால்வடோரின் சால்சுவாபாவில் போர்க்களத்தில் விழுந்தார். இருவரும் மத்திய அமெரிக்க ஒன்றியம் வேண்டியவர்கள் என்பதால்தான் இவ்வளவு குழப்பம். முழுப் பெயரையே எழுதுங்கள்.

வரைபடத்தில் தவறான ஊர்

குவாத்தமாலாவிலும் ஒரு கோவாதெபெக்கே உண்டு. சண்டை நடந்தது சான்தா ஆனா மாவட்டத்தில்.

1969 கால்பந்துப் போரோடு முடிச்சுப் போடுவது

அது ஹொண்டுராஸோடு நடந்தது. தொடர்பில்லை.

படை எண்ணிக்கை

எண் எந்தத் தரப்பு அறிக்கையில் வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இரு தரப்பு எண்களையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள்.